சுல்தான் அபூபக்கரும் ஜொகூரின் சுயாதீனமும்

குளுவாங்கிலிருந்து ஜொகூர் பாருவை நோக்கித் தெற்கே இறங்கும் இருப்புப் பாதையில், ரெங்கத்தைக் கடந்ததும் வருவது லாயாங் லாயாங். அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களும், அவற்றுக்குத் தமிழ்க் குடும்பங்களைக் கொண்டுவந்து சேர்த்த அந்தப் பாதையும் இருபதாம் நூற்றாண்டில் உண்டானவை. ஆனால் அந்த நிலத்தில் எவருடைய ஆணை செல்லுபடியாகும், அதன் குறுக்கே பாதை போடுவதற்கு எவருடைய சம்மதம் வேண்டும் என்னும் வினாக்கள், தண்டவாளம் வந்து சேர்வதற்கு ஒரு தலைமுறைக் காலம் முன்பிருந்தே சிங்கப்பூர் ஆளுநர் மாளிகையிலும், லண்டன் காலனி அமைச்சகத்திலும், ஜொகூர் அரண்மனையிலும் விவாதிக்கப்பட்டு வந்தன. அவ்விவாதத்தின் நடுவில் நின்றவர் அபூபக்கர். 1862இல் துமெங்கோங்காகவும், 1868இல் மகாராஜாவாகவும், 1885ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் சுல்தானாகவும் படிப்படியாக உயர்ந்து, 1895இல் லண்டனில் காலமானவர் அவர்.

1874இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பிறகு, பேராக், சிலாங்கூர், சுங்கை ஊஜோங் ஆகிய இடங்களில், அரசருக்கு ஆலோசனை கூறும் பெயரில் ஆட்சியை நடத்தும் ஆங்கில ரெசிடெண்டுகள் அமர்ந்தனர். 1888இல் பகாங்கும் அவ்வழியே சென்றது. சிங்கப்பூரிலிருந்து ஒரு குறுகிய நீரிணைக்கு அப்பால், பீரங்கிக் குண்டு எட்டும் தூரத்தில் கிடந்த ஜொகூரோ 1910 வரை அத்தகைய அதிகாரி எவரையும் ஏற்காமல் இருந்தது. இது ஓர் அரசரின் சாமர்த்தியமா, ஆங்கிலேயரின் சௌகரியமா, அன்றி இவ்விரண்டுக்கும் அடியில் ஓடிய பொருளாதாரத்தின் விளைவா? சரித்திராசிரியர்கள் நூறாண்டுக்கும் மேலாக இதற்கு விடை கூறி வருகின்றனர். அவ்விடைகள் ஒவ்வொன்றும் எங்கிருந்து பிறந்தது, எவ்விடத்தில் தளர்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

துமெங்கோங் குடும்பத்தின் நிலை

விவாதத்தின் வேர் அபூபக்கருக்கு முன்னமே ஊன்றப்பட்டுவிட்டது. அவருடைய பாட்டனார் துமெங்கோங் அப்துர் ரஹ்மான், 1819 ஜனவரி 30இல் சிங்கப்பூரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ராபிள்ஸுடன் முதல் ஒப்பந்தம் செய்துகொண்டவர். துமெங்கோங் என்பது பழைய ஜொகூர் சாம்ராஜ்யத்தில் ஒரு பெரிய மந்திரி பதவியே அன்றி அரச பட்டம் அன்று. ஒரு வாரம் கழித்து ஆங்கிலேயர் சுல்தானாக ஏற்றுக்கொண்டது பழைய அரச குலத்து ஹுசேன் ஷாவைத்தான். 1824இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் தங்களுக்குள் எல்லை வகுத்துக்கொண்டபோது, அப்பழைய சாம்ராஜ்யம் இரண்டாகப் பிளவுபட்டது: ரியாவ் தீவுகள் ஒரு பக்கம், தீபகற்பமும் சிங்கப்பூரும் மறுபக்கம். அதே ஆண்டு ஆகஸ்டில் சிங்கப்பூரின் ஆங்கில அதிகாரி கிராபர்டு செய்த உடன்படிக்கையால் சிங்கப்பூர் முழுவதும் கம்பெனியாரிடம் போய்விட்டது.

இந்த இழப்புகளுக்கு நடுவே துமெங்கோங் குடும்பத்தை நிலைநிறுத்தியவர் அபூபக்கரின் தந்தை தாயெங் இப்ராஹீம். தெலோக் பிலாங்காவில் வசித்த அவருக்கு 1840களில் எதிர்பாராத செல்வம் ஒன்று கிட்டியது: காட்டு மரங்களிலிருந்து வடியும் கெத்தா பெர்ச்சா. கடலடித் தந்திக் கம்பிகளுக்கு உறையிட அதற்கு நிகரான பொருள் அன்று இல்லை. ரப்பரைத் தோட்டத்துத் தமிழர் இன்றும் 'கித்தா' என்றே வழங்குகிறார்களே, அச்சொல்லும் இந்தக் கெத்தாவும் மலாய் மொழியின் ஒரே வேரில் பிறந்தவை. அரை நூற்றாண்டு கழித்து வேறொரு மரத்தின் பால் இந்நாட்டை மாற்றப்போகிறது என்பதற்கு அச்சொல்லே முன்னறிவிப்புப் போல் அமைந்திருக்கிறது. அச்செல்வத்தின் பலத்தால்தான், 1855 மார்ச் 10இல் இப்ராஹீம் ஹுசேனின் மகன் சுல்தான் அலியுடன் ஓர் உடன்படிக்கை செய்ய முடிந்தது. ரொக்கமாக 5,000 டாலரும் மாதந்தோறும் 500 டாலரும் பெற்றுக்கொண்டு, கிஸாங், மூவார் ஆறுகளுக்கு இடைப்பட்ட நிலம் நீங்கலாக, ஜொகூரின் ஆட்சியுரிமையை அலி விட்டுக்கொடுத்தார்.

ஆக, 1833இல் பிறந்து, கீஸ்பெரி பாதிரியாரின் பள்ளியில் மலாயும் ஆங்கிலமும் கற்று வளர்ந்த அபூபக்கர், 1862இல் தந்தைக்குப் பின் பதவி ஏற்றபோது அவருக்குக் கிடைத்தது பரம்பரையாக வந்த சிங்காதனம் அன்று. ஒரு பத்திரத்தின் மூலம் கைமாறிய அதிகாரம். அவருடைய வாழ்நாள் முழுவதையும் புரிந்துகொள்வதற்கு இந்த உண்மையே திறவுகோல் என்பது என் அபிப்பிராயம்.

அரண்மனை மரபின் விடை

முதல் விடை ஜொகூருக்குள்ளேயே பிறந்தது. அபூபக்கர் மறைந்த மறு ஆண்டே, 1896இல், நா தியான் பியெட் என்னும் பெரானாக்கான் சீனர் மலாய் மொழியில் நீண்ட செய்யுள் ஒன்றை அவர் மீது இயற்றி சிங்கப்பூரில் வெளியிட்டார். அரசாங்க உத்தியோகஸ்தர்கள் எழுதிய ஜொகூர் வரலாறுகள் அதைத் தொடர்ந்தன. இவற்றில் தோன்றும் அபூபக்கர் 'நவீன ஜொகூரின் தந்தை'. தஞ்சோங் புத்ரி என்னும் காட்டுத் துறையை ஜொகூர் பாருவாக்கியவர். இஸ்தானா பெசாரைக் கட்டியவர். 1866 முதல் பலமுறை ஐரோப்பா சென்று விக்டோரியா மகாராணியின் அவையில் மதிப்புப் பெற்றவர். 1883இல் சீனமும் ஜப்பானும் கண்டு வந்தவர். துருக்கி சுல்தான் அப்துல் ஹமீதைச் சந்தித்தவர். அவர் 1892இல் தொடங்கிய பெரிய பள்ளிவாசல், அவர் மறைவுக்குப் பின் 1900இல் முற்றுப்பெற்றது.

இச்சித்திரத்தில் பொய் என்று தள்ளத்தக்கது அதிகமில்லை. ஆனால் அது எல்லாச் செயலையும் ஒரே மனிதரின் சித்தத்துக்கு உரியதாக்குகிறது என்பது அதன் பெருங்குறை. ஜொகூரின் காடுகளிலும் ஆறுகளிலும் அலைந்து நிலத்தை அளந்து வரைபடம் இட்ட முகமது சாலே, பின்னாளில் தாத்தோ பெந்தாரா லுவார் எனப்பட்டவர், தம் நினைவுகளைத் தாமே எழுதி வைத்திருக்கிறார். அவற்றை வாசிக்கும்போது, சீன மொழி கற்றுச் சீனக் குடியிருப்புகளோடு கணக்கு வழக்கு நடத்திய ஒரு மலாய் அதிகாரியின் அன்றாட உழைப்பின் மேலேதான் அரண்மனையின் புகழ் எழுந்தது என்பது தெளிவாகிறது. முதல் மந்திரி பெசாரான தாத்தோ ஜாபர், ஆங்கிலக் கடிதங்களில் நிகரற்றவராயிருந்த காரியதரிசி அப்துர் ரஹ்மான் அண்டாக் ஆகியோரும் அத்தகையோரே.

அன்றியும், அரண்மனை மரபு மூவார் விஷயத்தை விரைவாகக் கடந்துவிடுகிறது. 1877இல் சுல்தான் அலி இறந்தபோது அவருடைய வாரிசுகளுக்கு உரியதென்று பலர் கருதிய அந்த நிலம் அபூபக்கரின் நிர்வாகத்துக்குச் சென்றது; அதை எதிர்த்து 1879இல் ஜெமெந்தாவில் ஒரு போரே மூண்டு அடக்கப்பட்டது. அலியின் குலத்தாரின் பக்கமிருந்து பார்த்தால், 1855உம் 1877உம் சேர்ந்து ஓர் அரச வமிசத்தின் உரிமை மந்திரி வமிசத்திடம் போய்ச் சேர்ந்த கதையாகவே தோன்றும். அந்த வாதத்தையும் நடுநிலையாளர் எவரும் புறக்கணிக்க இயலாது.

ஆளுநர்களின் விடை

இரண்டாவது விடை சிங்கப்பூர் ஆளுநர்களின் கடிதங்களில் கிடக்கிறது. அது ஒருமுகமானதன்று. 1867 முதல் 1873 வரை ஆளுநராயிருந்த ஹாரி ஆர்டு, ஆங்கிலச் செல்வாக்கை உள்நாட்டில் பரப்புவதற்கு ஏற்ற துணைவராக அபூபக்கரைக் கருதினார். பேராக்கில் ரெசிடெண்ட் பெர்ச் 1875இல் கொல்லப்பட்ட பின் எழுந்த குழப்பத்தில் ஜொகூர் உதவியாய் நின்றது. பேராக்கின் பழைய சுல்தான் இஸ்மாயில் ஜொகூரிலேயே தங்கவைக்கப்பட்டார். நெகிரி செம்பிலான் சிற்றரசுகளின் மீது ஒரு வகை மேற்பார்வையும் சில காலம் மகாராஜாவின் கையில் விடப்பட்டிருந்தது.

1880இல் ஆளுநராக வந்த பிரெடரிக் வெல்டு வேறு விதமான மனிதர். நியூசிலாந்தில் பிரதமராகவும், மேற்கு ஆஸ்திரேலியாவிலும் டாஸ்மேனியாவிலும் ஆளுநராகவும் இருந்து பழகிய அவர், தமக்கு அருகில் தமக்கு அடங்காத ஓர் அரசு இருப்பதை விரும்பவில்லை. அரசர் நாட்டில் இருப்பதைக் காட்டிலும் வெளிநாட்டில் இருப்பது அதிகம், செலவு வரவை மீறுகிறது, நிர்வாகம் தளர்ந்துள்ளது என்பன அக்காலத்து அதிகாரிகள் வழக்கமாகக் கூறிய குறைகள். இக்குறைகளில் உண்மை இருந்தது. ஆயினும் இக்குறிப்புகளை எழுதியவர்கள், ரெசிடெண்டை நியமிக்க வேண்டும் என்ற முடிவை முன்பே செய்துகொண்டு எழுதியவர்கள். ஒரு வழக்கில் வாதியே எழுதிய குற்றப்பத்திரிகையைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்வது தகாது. பிந்திய ஆங்கில நூல்கள் பல அப்படியே எடுத்துக்கொண்டன.

காம்பியரும் ஆற்றுப் பத்திரமும்

மூன்றாவது விடை அரசரை விட்டு நிலத்தை நோக்குகிறது. இதை விரிவாக முன்வைத்தவர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கார்ல் ட்ரொக்கி. துமெங்கோங் குடும்பத்தைப் பற்றிய அவருடைய நூல் 1979இல் வெளிவந்தது. இவ்விடை சற்று நிதானமாக ஆராயத்தக்கது.

1840கள் முதல் சிங்கப்பூரின் நிலம் சோர்ந்துபோனதால், காம்பியரும் மிளகும் பயிரிட்ட தியோச்சூ சீனர்கள் நீரிணையைத் தாண்டி ஜொகூருக்குள் வந்தனர். துமெங்கோங் அவர்களுக்கு 'சூராட் சுங்கை', அதாவது ஆற்றுப் பத்திரம், வழங்கினார். ஓர் ஆற்றின் கரை முழுவதும் ஒரு தலைவரின் பொறுப்பில் விடப்படும். அவருக்குக் காங்சு என்று பெயர். சொல் ஒலிப்பால் நம்முடைய கங்காணியை நினைவூட்டினும் இருவரும் வேறு. கங்காணி தோட்ட முதலாளிக்கு ஆள் சேர்த்துக் கொடுத்தவர். காங்சுவோ தம் ஆற்றங்கரைக் குடியிருப்பில் அபின், சாராயம், சூது, அடகு ஆகியவற்றின் குத்தகையையும், அமைதி காக்கும் அதிகாரத்தையும் கையில் வைத்திருந்த சிற்றரசர் போன்றவர். காங்கார் பூலாய் போன்ற ஊர்ப் பெயர்களில் அவர்களுடைய சுவடு இன்றும் நிற்கிறது.

பயிர் முறையும் விசேஷமானது. காம்பியர் இலைகளைப் பெரிய கொப்பரைகளில் கொதிக்கவைத்து, தோல் பதனிடவும் சாயமிடவும் உதவும் சாற்றை எடுப்பர். கொதித்து எஞ்சிய சக்கை மிளகுக் கொடிக்கு எருவாகும். அடுப்புக்கு விறகு பக்கத்துக் காட்டிலிருந்து வரும். பதினைந்து, இருபது ஆண்டுகளில் மண்ணும் காடும் தீர்ந்துவிடும். லாலாங் புல் மூடிய நிலத்தை விட்டுவிட்டுக் குடியானவர்கள் அடுத்த ஆற்றுக்குப் போய்விடுவர். இவ்வாறு ஜொகூர் ஆறு ஆறாகத் திறக்கப்பட்டது. அரசின் வருமானத்தில் பெரும்பங்கு இக்குடியிருப்புகள் மேலிட்ட குத்தகைகளிலிருந்தே கிடைத்தது.

இதிலிருந்து ட்ரொக்கி வந்தடைந்த முடிவு கவனிக்கத்தக்கது. அபூபக்கரின் ஜொகூர் ஐரோப்பிய மாதிரியில் திடீரென்று படைக்கப்பட்டதன்று. கடலோடிகளான ஓராங் லாவுட் மக்களையும் வாணிபத் துறைகளையும் ஆண்ட பழைய மலாய்க் கடலரசு, கடல் கையை விட்டுப் போனபின், சீன விவசாயத்தையும் சிங்கப்பூர் மூலதனத்தையும் பற்றிக்கொண்டு நிலத்தின் மேல் தன்னை மீண்டும் அமைத்துக்கொண்ட ரூபமே அது. ரெசிடெண்டு வராததற்கும் இதுவே ஒரு காரணம் எனலாம். உள்நாட்டுப் போரும் வரிச் சச்சரவும் நிறைந்த பேராக்கிலும் சிலாங்கூரிலும் தலையிடச் சிங்கப்பூர் வியாபாரிகள் துடித்தனர். ஜொகூரிலோ அவர்களுடைய முதலும் லாபமும் ஏற்கெனவே பத்திரமாயிருந்தன.

இவ்விளக்கத்தின் வலிமை பெரிது. அதன் பலவீனம், அது சிங்கப்பூரின் கண்ணாலேயே ஜொகூரைப் பார்ப்பதில் இருக்கிறது. வருமானம் எங்கிருந்து வந்தது என்பதை அது நன்கு காட்டுகிறது. அவ்வருமானத்தைக் கொண்டு ஓர் அரசர் ஏன் வழக்கறிஞர்களையும் வரைபடக்காரர்களையும் அமர்த்தினார் என்பதை அவ்வளவு நன்றாகக் காட்டவில்லை. காம்பியர் பணம் வேறொருவர் கையிலும் குவிந்திருக்கலாம். அது வேறு வழியிலும் செலவாகியிருக்கலாம். இதற்கும் மேலாக, இவ்விவாதத்தில் எல்லோருமே அடக்கமாகக் கடந்து செல்லும் ஒரு செய்தி உண்டு. அபின் குத்தகை ஒரு வருமானம் என்று கணக்கில் எழுதும்போது, நாளெல்லாம் கொப்பரை அடுப்பின் முன் வெந்து, இரவில் அந்த அபினையே கடனாக வாங்கிய கூலியாளின் உடலிலிருந்து அது எடுக்கப்பட்டது என்பதையும் எழுதியாக வேண்டும். ஜொகூரின் சுயாதீனத்துக்கு விலை கொடுத்தவர்களில் அவனும் ஒருவன்.

லண்டன் கையொப்பம்

நான்காவது விடை ராஜதந்திரத்தைச் சார்ந்தது. 1967இல் யூனிஸ் தியோ, கீத் சின்கிளேர் ஆகிய இருவர் வெளியிட்ட ஆராய்ச்சிகள் காலனி அமைச்சகத்தின் கோப்புகளைத் துருவிப் பார்த்தன. வெல்டின் நெருக்கடியைத் தாங்க முடியாத அபூபக்கர், சிங்கப்பூரைக் கடந்து நேரே லண்டனுக்குச் சென்றார். அங்கே 1885 டிசம்பர் 11இல் ஓர் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. ஆங்கிலேயர் அவரை 'ஜொகூர் நாட்டின் சுல்தான்' என்று அங்கீகரித்தனர். அவரோ வெளிநாட்டு விவகாரங்களைச் சுதந்திரமாக நடத்துவதில்லை என்றும், பிற மலாய் நாடுகளின் அரசியலில் தலையிடுவதில்லை என்றும் ஒப்புக்கொண்டார். கான்சல் போன்ற ஓர் ஆங்கில அதிகாரி ஜொகூரில் அமரவும் இசைந்தார். அந்த அதிகாரி அபூபக்கரின் வாழ்நாளில் வரவேயில்லை. 1886இல் லண்டனிலேயே ஜொகூருக்கென ஓர் ஆலோசனைக் குழுவும் அமைந்தது.

இவ்வுடன்படிக்கையை வெற்றி என்பதா, தோல்வி என்பதா? பட்டத்தைப் பார்ப்பவர் வெற்றி என்பர். ஷரத்துகளைப் பார்ப்பவர் சுதந்திரத்தின் பாதி அன்றே போய்விட்டது என்பர். லண்டன் அமைச்சகம் ஆங்கில முதலாளிகளின் ஏவலாளாக இல்லாமல், சலுகை வேட்டைக்காரர்களிடமிருந்து ஜொகூரைச் சில வேளைகளில் காக்கவும் செய்தது என்பது சின்கிளேரின் ஆராய்ச்சி வழியே புலப்படும் செய்தி. ஏகாதிபத்தியத்தை மூலதனத்தின் கைக்கருவி என்று மட்டும் கூறும் கொள்கைக்கு அது ஒரு நல்ல தடை. ஆனால் கோப்புகளை நம்பும் இம்முறைக்கும் ஓர் எல்லை உண்டு: எழுதியவர்களெல்லாம் ஆங்கிலேயராகவே இருக்கும் இடத்தில், தீர்மானித்தவர்களும் அவர்களே என்ற தோற்றம் தானாக உண்டாகிவிடுகிறது.

சுயாதீனம் என்பது என்ன என்ற வினாவுக்கு அன்று கிடைத்த மிகத் தெளிவான விடை, எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 'ஆல்பர்ட் பேக்கர்' என்ற பெயரில் இங்கிலாந்தில் பழகிய சுல்தான், தம்மை மணப்பதாக வாக்களித்து ஏமாற்றியதாக மைகெல் என்ற மாது ஆங்கில நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். ஜொகூர் சுல்தான் சுதந்திர அரசர் என்று காலனி அமைச்சகம் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. அக்கடிதத்தையே முடிவான சாட்சியாகக் கொண்டு, அந்நிய அரசர் தாமே இசைந்தாலொழிய அவர் மீது வழக்குச் செல்லாது என்று நீதிபதிகள் தீர்த்தனர். 1894ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் இடம்பெற்ற அத்தீர்ப்பு, சர்வதேசச் சட்டம் பயில்வோரால் நெடுங்காலம் எடுத்தாளப்பட்டது. அம்மாதுக்கு நியாயம் கிடைக்கவில்லை என்பதை இங்கே மறைத்தல் முறையன்று. எனினும் சரித்திரம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: சிங்கப்பூரில் சுருக்கிக்கொண்டே வந்த ஓர் இறைமையை, லண்டனில் அதே அரசாங்கம் கையெழுத்திட்டு முழுமையானதென்று சொல்ல வேண்டி வந்தது.

மரணத்துக்கு முன் எழுதிய சட்டம்

1895 ஏப்ரல் 14இல் அபூபக்கர் ஜொகூருக்கு எழுத்து வடிவில் ஓர் அரசியல் சட்டத்தை வழங்கினார். மலாய் நாடுகளில் அதுவே முதலாவது. அமைச்சர் சபையும் ராஜாங்க சபையும் அதில் வகுக்கப்பட்டன. அரசர் தம் நாட்டை எந்த அந்நிய வல்லரசுக்கும் ஒப்படைக்கலாகாது என்ற விதியும் அதில் இடம்பெற்றது. ஐம்பத்தொரு நாட்கள் கழித்து, ஜூன் 4இல், லண்டன் தென் கென்சிங்டனில் ஓர் ஓட்டலில் அவர் உயிர் நீத்தார். உடல் ஜொகூர் பாருவுக்குக் கொண்டுவரப்பட்டு மஹ்மூதியா அரச கல்லறையில் அடக்கம் செய்யப்பட்டது.

இச்சட்டத்தின் மூலம் எது என்பதில் அபிப்பிராய பேதம் உண்டு. ஆங்கில வழக்கறிஞர்களின் துணையோடு எழுதப்பட்டதால் அது ஐரோப்பிய மாதிரி என்பது பழைய கருத்து. அண்மைக்கால ஆராய்ச்சியாளர் சிலர், துருக்கியோடு இருந்த தொடர்பையும், 1913இல் ஜொகூர் உதுமானியரின் சிவில் சட்டத் தொகுப்பான மஜல்லாவை மலாயில் ஏற்றுக்கொண்டதையும் சுட்டி, இஸ்லாமிய உலகின் சட்டச் சிந்தனையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்கின்றனர். பிந்திய செய்தியைக் கொண்டு முந்திய நோக்கத்தை நிரூபிப்பது கடினமாயினும், கண்ணோட்டத்தை லண்டனுக்கு வெளியே திருப்பிய அளவில் அவ்வாதம் பயனுள்ளது.

தீராமல் நிற்பவை

இவ்விடைகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது, 'சுதந்திர அரசரா, ஆங்கிலேயரின் கைப்பிள்ளையா' என்ற வினாவே சற்று ஒழுங்கற்றதாகத் தோன்றுகிறது. பத்திரத்தால் அதிகாரம் பெற்ற ஒரு குடும்பம், பத்திரத்தாலேயே அதைக் காத்துக்கொள்ளக் கற்றது. ஆற்றுப் பத்திரம், 1855 ஒப்பந்தம், 1885 உடன்படிக்கை, நீதிமன்றக் கடிதம், வரைபடம், 1895 சட்டம் ஆகிய யாவும் ஒரே கலையின் பல பயிற்சிகள். ஆனால் பத்திரம் மட்டும் போதும் என்று கூறவும் முடியாது. 1881இல் உலகம் சுற்றி வந்தபோது ஜொகூருக்கும் வந்து மகாராஜாவின் விருந்தினராயிருந்த ஹவாய் அரசர் கலாகாவாவிடமும் உடன்படிக்கைகளும் பட்டங்களும் அரசியல் சட்டமும் இருந்தன. அவருடைய தங்கையின் சிங்காதனம் 1893இல் கவிழ்க்கப்பட்டது. ஹவாயில் கரும்பு முதலாளிகள் அரசுக்கு எதிராய் நின்றனர்; ஜொகூரில் காம்பியர் முதலாளிகள் அரசுக்கு வரி கொடுத்து நின்றனர். ட்ரொக்கியின் விளக்கம் அவசியமாவது இந்த இடத்தில்தான்.

அபூபக்கர் பெற்றது நிரந்தர சுதந்திரம் அன்று, காலம். 1904இல் அவருடைய மகன் சுல்தான் இப்ராஹீம் இருப்புப் பாதை ஒப்பந்தத்துக்கு இசைந்தார். 1909இல் கெமாஸிலிருந்து ஜொகூர் பாரு வரை வண்டி ஓடிற்று. 1910இல் ஆங்கில ஆலோசகர் வந்தார். 1914 மே 12இல் அவருடைய ஆலோசனையைக் கேட்டே தீரவேண்டும் என்று எழுதப்பட்டது. ஆனால் ஆலோசகர் வந்தபோது அங்கே மலாய் மொழியில் நடக்கும் ஓர் அரசாங்கமும், அதை நடத்தத் தெரிந்த ஒரு தலைமுறையும் இருந்தன. பேராக்கில் பெர்ச் கண்டது அதுவன்று. இந்த வேற்றுமையில் அபூபக்கருக்கு எவ்வளவு பங்கு, ஜாபருக்கும் அண்டாக்குக்கும் சாலேவுக்கும் எவ்வளவு பங்கு என்பது இன்னும் அளந்து முடியாத கணக்கு. காங்சு முறை 1917இல் ஒழிக்கப்பட்டு, லாலாங் மூடிய நிலங்கள் கித்தாத் தோட்டங்களானபோது, அந்த அரசாங்கம் புதிதாக வந்த தமிழ்த் தொழிலாளரை எவ்வாறு நோக்கிற்று என்பதும் தனியே ஆராய வேண்டிய விஷயம்.

1895 சட்டத்தின் பொருளும் முடிவாக நிர்ணயிக்கப்படவில்லை. 1945 அக்டோபரில், ஜொகூரின் அதிகாரத்தைப் பிரிட்டிஷ் முடியிடம் ஒப்படைக்கும்படி பிரிட்டிஷ் தூதர் மெக்மைக்கல் கொண்டுவந்த உடன்படிக்கையில் சுல்தான் இப்ராஹீம் கையொப்பமிட்டபோது, ஜொகூர் மலாய்க்காரர்களில் ஒரு சாரார் அவருடைய தந்தை எழுதிய அந்த விதியையே எடுத்துக் காட்டி, நாட்டை ஒப்படைக்க அரசருக்கு உரிமையில்லை என்று வாதித்தனர். 1946 மே 11இல் அபூபக்கர் கட்டிய இஸ்தானா பெசாரில் மலாய்க்காரர்களின் அரசியல் கட்சியான அம்னோ பிறந்தது. அதன் தலைவர் ஓன், அதே ஜாபரின் மகன். அந்நிய வல்லரசைத் தடுக்க எழுதப்பட்ட ஒரு விதி அரசரையே தடுக்கும் விதியாகவும் நிற்குமா என்பதை, ஏப்ரல் மாதத்தில் அதை எழுதுவித்த அரசர் எண்ணிப் பார்த்திருந்தாரா என்பது அவருடைய சரித்திரத்தை எழுதுவோர் இன்னும் எதிர்கொள்ள வேண்டிய வினா.